பீலி கேட்டோம், வேலி வந்தது

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊர் வளைவில் ஒரு லாரி வந்து நின்றது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்களுக்குச் செய்திதான். அந்த வளைவில் எதுவும் நிற்காது. பஸ்கூட நிற்காது... பஸ் ஸ்டாப் போர்டு இருந்தும்.

லாரி நிறைய இரும்புத் தூண்கள். பச்சைக் கம்பிவலைச் சுருள்கள். சிமெண்ட் மூட்டைகள். மேலே இரண்டு பேர் மஃப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். மலைக்குக் கீழே இருந்து வந்தவர்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. மார்ச் மாதத்தில் மஃப்ளர் கட்டுகிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

நான் பல் தேய்த்துக்கொண்டே கிட்டே போனேன். எம்.காம். முடித்துவிட்டு, பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டு, மீதி நேரத்தில் அப்பாவின் பூண்டுக்கு வாட்ஸப்பில் விலை விசாரித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, இப்படி ஒரு லாரி லேசில் கிடைக்குமா?

லாரிக்கு எதிரே ஏற்கெனவே ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். புஷ்பராணி அக்கா. எங்கள் பஞ்சாயத்தின் வார்டு மெம்பர். வளைவுக்குக் கீழே இருக்கும் காலனிதான் அவருடைய வார்டு. சிலோன் தேயிலைத் தோட்டங்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காகக் கொடுத்த இடம் அது. அக்காவுக்குப் பிழைப்பு மெம்பர் பதவி இல்லை. வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸ்களின் பெட்ஷீட்டுகள் ஜீப்பில் மூட்டை மூட்டையாக வரும். காலனிப் பெண்கள் சேர்ந்து துவைத்து, காயவைத்து, மடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த செட்டுக்கு அக்காதான் தலைவி.

"எங்கண்ணே எறக்கப் போறீங்க?" என்று அக்கா கேட்டார்.

முன் சீட்டில் இருந்து இறங்கியவர் காண்ட்ராக்டர் பாண்டி அண்ணன், வத்தலக்குண்டு. "காலனிக்குத்தான்க்கா. ஊத்து இருக்குல்ல, அதச் சுத்திப் போடச் சொல்லிருக்காங்க."

"எத?"

"வேலிய."

அக்கா லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி லாரியைப் பார்த்தார்.

"நாங்க எப்பண்ணே வேலி கேட்டோம்?"

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். காலனி கேட்டது பீலி. பீலி என்றால் மயில் தோகை என்று உடனே சொல்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவர்கள். வாழ்த்துகள். ஆனால் இது அந்தப் பீலி இல்லை.

மலைச்சரிவில் ஊற்று கசிகிற இடத்தில் சின்னதாகச் சுவர் கட்டி, ஒரு குழாயைச் செருகி விட்டால் ராத்திரி பகலாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் பீலி. அதன் காலடியில் துவைக்க, குளிக்க, குடம் வைக்க ஒரு மேடை இருக்கும். அது பீலிக்கரை. சிலோன் தோட்டத்து லயன் எனும் வரிசை வீடுகளில் இருந்தவர்களின் வார்த்தை. எங்களைப் போல கேரட்டும் பூண்டும் போடுகிற மலைக்காரக் குடும்பங்கள் அதே இடத்தை 'ஊத்து' என்போம். ஒரே தண்ணீர், ரெண்டு பெயர். இத்தனை வருஷமாக யாருக்கும் இதில் ஒரு கஷ்டமும் வந்ததில்லை.

கஷ்டம் ஆகஸ்ட் மழையில் வந்தது. மண் சரிந்து பீலியின் சுவர் விழுந்தது. இரும்புக் குழாய் வளைந்து, துரு உதிர்ந்து, ஒருநாள் காணாமலே போனது. தண்ணீர் இருந்த இடத்தில் சேறு. ராத்திரியில் காட்டுமாடு வந்து குடித்துவிட்டு, இறங்கிக் கலக்கிவிட்டுப் போகும். குடிதண்ணீருக்கு மேட்டு மோட்டார் ரூம் வரை குடத்தோடு ஏற வேண்டும். பெட்ஷீட் துவைக்க? அதற்கு எங்கே போவது? கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் நல்லவர்கள்தான். பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில், சீசனுக்குள் தண்ணீர் வராவிட்டால் டவுனில் மெஷின் லாண்டரிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒருதரம் மெஷினுக்குப் போன பெட்ஷீட் திரும்பி வராது என்று காலனிக்கே தெரியும். சீசன் என்பது ஏப்ரல். இப்போது மார்ச்.

இந்த நேரத்தில்தான் வேலி வந்து நிற்கிறது.

எப்படி நடந்தது? காந்தி ஜெயந்தி கிராமசபையில் நடந்தது. நானும் அங்கே இருந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா. அதற்கு மேலே தூறல். ஷாமியானாவுக்குள்ளேயே பனிமூட்டம் — முன்வரிசைக்காரர்களின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மைக் செட் பக்கத்துக் கோயிலில் வாங்கியது. அது சாமிப் பாட்டை மட்டும்தான் தெளிவாகப் பாடும். மனிதர் பேச்சு என்றால் கரகரவென்று அழும்.

புஷ்பராணி அக்கா மைக்கைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "எங்க பீலி ஒடஞ்சு போச்சுங்க. காட்டுமாடு வந்து எறங்கிக் கலக்கிருது. பீலியக் கட்டிக் குடுத்தா போதும், வேற ஒண்ணும் கேக்கல."

எழுதிக்கொண்டிருந்தவர் பஞ்சாயத்து செயலர் சரவணன் சார். ஒட்டன்சத்திரத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து அப்போது கொஞ்ச நாள்தான். அவர் காதில் விழுந்தது 'ஈலி'. அது உடைந்துவிட்டது. காட்டுமாடு வருகிறது. அதைக் கட்டித் தர வேண்டும். நீங்களே சொல்லுங்கள், மாடு வந்தால் மனிதன் எதைக் கட்டுவான்? சார் சரியாகத்தான் யோசித்தார். காலனி ஊற்றுக்கு வேலி என்று எழுதினார்.

எழுதியதை அவரே மைக்கில் வாசித்தும் காட்டினார். மைக்கில் மறுபடியும் 'ஈலி'. காலனிக்காரர்கள் பீலி என்று கேட்டுக் கை தூக்கினார்கள். பூண்டுத் தோட்டக்காரர்கள் வேலி என்று கேட்டு, ஆகா, காட்டுமாட்டுக்கு ஒரு வழி பிறந்தது என்று இரண்டு கையையும் தூக்கினார்கள். எனக்கு ஈலி என்றே கேட்டது. எல்லோரும் தூக்கியதால் நானும் தூக்கினேன்.

எங்கள் பஞ்சாயத்தில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். அவரவர் காதில் அவரவர் வேண்டுதல் விழுந்தால் ஒற்றுமைக்கு என்ன குறைச்சல்?

லாரியை அப்படியே நிற்க வைத்துவிட்டு அக்கா பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார். நானும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

சரவணன் சாருக்கு முதலில் விஷயமே பிடிபடவில்லை. மாடு உள்ளே வராமல் இருக்கத்தானே கேட்டீர்கள், நல்ல கம்பிவலையாகவே எஸ்டிமேட் போட வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். அக்கா விளக்க விளக்க அவர் முகம் இறங்கியது.

"அத ஊத்துக் குழாய்னு சொல்லிருக்கலாமேக்கா. எனக்கு வெரசா வெளங்கிருக்கும்ல."

"குழாய்னு சொன்னா குழாய் போட்ருவீங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்பிடி ஒண்ணு? குழாய்னா திருகு இருக்கும். பஞ்சாயத்து தொறந்தாத்தான் வரும். மோட்டார் ரிப்பேர்னா வராது, கரண்ட் இல்லன்னா வராது. எங்க தெருவுல அது மூணு கெடக்கு சார், சும்மா. பீலி யாரயும் கேட்டுட்டு வர்றதில்ல. அதனாலதான் பேரச் சொல்லிக் கேட்டேன்."

சார் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவரைத் திட்ட எனக்கே மனசு வரவில்லை. வந்த புதிதில் எங்கள் பேச்சு பாதி புரியாமல் தலையாட்டியே காலத்தை ஓட்டிய மனிதர். போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் ரூமிலேயே சமைத்துச் சாப்பிட்டு, ஒருநாள் லீவு போடாமல் வேலை பார்க்கிறார்.

மாற்ற முடியுமா என்று நான் கேட்டேன். முடியும் என்றார். மறுபடி கிராமசபையில் வைக்க வேண்டும், மறுபடி யூனியன் ஆபீசுக்குப் போக வேண்டும், மறுபடி எஸ்டிமேட். அதற்குள் மார்ச் முடிந்துவிடும். மார்ச் முடிந்தால் வந்த பணம் வந்த வழியே போய்விடும். புதிதாகக் கேட்டால் எப்போது வரும்? சார் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார். பதில் அங்கே இருப்பது மாதிரி.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் என் சொந்தப் பெரியப்பா. எங்கள் வீட்டுக்கு மேலே அவருடைய பூண்டுத் தோட்டம். லாரியை வளைவிலேயே பார்த்துவிட்டு, அதே வேகத்தில் வந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். காலனிக்கு வேலி வேண்டாமா? அதனால் என்ன, எங்கள் பக்கம் போட்டுக்கொள்கிறோமே என்றார். போன வாரம்கூட ஒரு காட்டுமாடு வந்து, அரைப் பாத்திப் பூண்டை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. அது பூண்டைத் தின்றாலும் பரவாயில்லை, தின்னாமல் மிதிக்கிறது பார், அதுதான் வயிற்றெரிச்சல் என்று என்னிடம் புலம்பினார்.

"அண்ணே, நாங்க கேட்டது வரல," என்றார் அக்கா. "சரி, அது எங்க நேரம். வந்ததயும் நீங்க தூக்கிட்டுப் போனா, காலனிக்குள்ள நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"வேணாங்கிற பொருள வச்சு என்ன செய்யப் போற தாயி? உன் பெட்ஷீட்டக் காயப் போடவா?"

"காயப் போடறதுக்கு மொதல்ல நனையணும்லண்ணே."

பெரியப்பா சிரித்துவிட்டார். அவரிடம் ஒரு நல்ல குணம்... எதிராளி நன்றாகப் பேசினால் ரசிப்பார். ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். சரவணன் சார்தான் முற்றுப்புள்ளி வைத்தார். வேலியை வேறு இடத்தில் போட முடியாது. வேலை நடக்கும் இடத்தில் நின்று மொபைலில் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். அந்தப் போட்டோவே எந்த இடம் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆக, போட்டால் ஊற்றைச் சுற்றிப் போட வேண்டும், இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஓவர்சியர் வந்து அளப்பார்.

பெரியப்பாவின் வெளிச்சம் அணைந்தது. அக்காவின் முகத்தில் அதற்கு முன்பும் வெளிச்சம் இல்லை.

திரும்பி வரும்போது நான் என் மேதாவித்தனத்தை எல்லாம் எடுத்து விட்டேன். ரீல் போடலாம்க்கா, 'தண்ணி கேட்டா வேலி'ன்னு தலைப்பு வச்சா பிச்சுக்கும் என்றேன். அக்கா யோசித்தார். "போடலாம் பாப்பா. ஆனா அதுல அந்த மனுசன் பொழப்பு போயிரும்ல?" என்றார். செயலரைச் சொல்கிறார். மெம்பர் ஆன பிறகு இந்த மாதிரி யோசிக்கிற ஆட்களை எனக்கு அதிகம் தெரியாது. போனைப் பைக்குள் போட்டேன்.

நாங்கள் போவதற்குள் பாண்டி அண்ணன் பாதி லோடை ஊற்றுப் பக்கம் இறக்கிவிட்டார். பாவம், அவரும் வெயிட்டிங் சார்ஜ் கொடுக்கிற லாரியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்? தூண்கள் சேற்றோரம் வரிசையாகக் கிடந்தன. காலனிப் பெண்கள் சுற்றி நின்றிருந்தார்கள். யாரும் அக்காவைத் திட்டவில்லை. தூண்களையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

ஒரே ஒரு குரல் மட்டும் பின்னால் இருந்து வந்தது. "மெம்பருக்கு ஓட்டுப் போட்டம், நம்மளச் சுத்தி வேலி போட்டுட்டா."

அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தூணின் மேல் உட்கார்ந்தார். விரலால் அதைத் தட்டினார். 'டங்'கென்று ஒரு சத்தம், உள்ளே ஓடி அந்த முனை வரை போனது. நான் அந்த முனையில் நின்றேன். மறுபடி தட்டினார். மறுபடி டங்.

குனிந்து தூணின் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கும் என்ன தோன்றியதோ, நானும் இந்தப் பக்கம் குனிந்தேன். நடுவில் நீளமான இருட்டு. அதன் கடைசியில் ஒரு காசளவு வெளிச்சம். அதற்குள் அக்காவின் கண்.

"பாப்பா, உள்ள ஒண்ணுமே இல்ல."

"பைப்புதானேக்கா..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அக்காவின் கண் அந்தப் பக்கம் சிரித்தது. கண் மட்டும் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாண்டி அண்ணன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். அவருக்கும் எட்டிவிட்டது. எங்களை முந்திக்கொண்டு கையால் பைப்பின் வாயை அளந்தார். பழைய குழாய் எவ்வளவு பருமன் என்று கேட்டார். அக்கா விரலை வட்டமாக்கிக் காட்டினார். ஏறக்குறைய அதேதான். கொஞ்சம் பெரிசு.

"போடுங்கண்ணே வேலிய," என்றார் அக்கா. "சுத்தி வரப் போடுங்க. ஒரே ஒரு தூணு மட்டும் படுத்துக்கட்டும்."

பாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். தூணுக்குத் தூண் கான்கிரீட் போட்டு நட வேண்டும் என்பது கணக்கு. படுத்த தூணுக்கும் அஸ்திவாரம் உண்டா என்று கேட்டார்.

"நிக்கிறவனுக்கு நிக்க எடம் போதும். படுக்கிறவனுக்குத்தான் பாய் அகலமா வேணும். அஸ்திவாரத்த அதுக்குத் தாராளமாப் போட்ருங்க."

துவைக்கிற மேடையைச் சொல்கிறார். சேற்றோரம் நின்ற பெண்களுக்கு அந்த 'பாய்' புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்த சிரிப்பில், ஓட்டுப் போட்டதற்கு வருத்தப்பட்ட குரலும் இருந்தது.

இதில் தப்பு ஏதாவது உண்டா என்று நானும் யோசித்தேன். காமர்ஸ் படித்த மூளை, யோசிக்காமல் விடாது. வந்த பைப் அங்கேயேதான் இருக்கப் போகிறது. வந்த சிமெண்டும் அங்கேயேதான். ஒரு தூண் நிற்கவில்லை, படுத்திருக்கிறது. கால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். சரவணன் சாரிடம் போய்ச் சொன்னபோது அவரும் இதைத்தான் கேட்டார் — 'தூண் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும் என்று எஸ்டிமேட்டில் இருக்கிறதா?' இல்லை. அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதி உயிர் ஓவர்சியரிடம் இருந்தது.

கடைசித் தொல்லை பெரியப்பா. ஊற்றைச் சுற்றி வேலி வந்துவிட்டால் காட்டுமாடு தண்ணீருக்கு எங்கே போகும்? நேராக அவர் தோட்டத்துக் குட்டைக்கு. போகிற வழியில் பூண்டு. ராத்திரி இது தோன்றியதும் மனிதர் தூங்கவில்லையாம். மறுநாள் வெள்ளனே வந்து வேலையை நிறுத்தச் சொல்லி நின்றார்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. ஊற்றில் பீலிக்கு மேலே மிஞ்சி வழிகிற தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி வேலிக்கு வெளியே, பழைய இடத்துக்கே விட்டுவிடலாம் என்றார். மாடு காலங்காலமாக வருகிற இடத்துக்கே வந்து குடித்துவிட்டுப் போகட்டும். கால் மட்டும் உள்ளே வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"வாய்க்கா வெட்ட ஆளு?" என்றார் பெரியப்பா.

"எங்களுக்குச் சோலி தலைக்கு மேல கெடக்குண்ணே. பூண்டு யாருதோ, ஆளும் அவுங்களுதா இருக்கட்டும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். அன்று மத்தியானம் எங்கள் தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். "ஏலே, நல்லா ஆழமா வெட்டுங்கடா, மாடு திருப்தியாக் குடிக்கணும்," என்று கரையில் நின்று மேற்பார்வை பார்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சுவருக்குக் கல் கொண்டுவந்ததும் அவருடைய டிராக்டர்தான். காலனி ஆண்கள் வேலைக்குப் போய்வந்த பிறகு சுவரைக் கட்டினார்கள். அக்காவின் பாஷையில் அது சிரமதானம். காசு வாங்காமல் எல்லோரும் கூடிச் செய்கிற வேலை. எங்கள் பாஷையில் அதற்குப் பேரே கிடையாது, இத்தனைக்கும் அந்த ரெண்டு நாளும் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலியும் நன்றாகத்தான் இருந்தது. பீலிக்கரை ரோட்டில் இருந்து பார்த்தால் தெரியும். சீசனில் கார்க்காரர்கள் நிறுத்தி, குளிக்கிற பெண்களைக்கூட 'வில்லேஜ் லைஃப்' என்று போட்டோ எடுப்பார்கள். இப்போது கம்பிவலையில் பழைய பெட்ஷீட்டைக் கட்டிவிட்டால் திரை. வேலியின் கேட்டுக்கு உள்பக்கம் கொண்டி. மாட்டுக்காக வந்த வேலி, போன் பிடித்த மனிதர்களையும் நிறுத்துகிறது. இதை எந்தக் கிராமசபையிலும் யாரும் மைக் பிடித்துக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள்? சில தேவைகளைத் தப்பாக எழுதினால்தான் கிடைக்கும் போல.

வெள்ளிக்கிழமை. ஓவர்சியர் பைக்கில் வந்தார். கையில் டேப், தலையில் குல்லா, முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. சரவணன் சார் அவருக்குப் பின்னால் அரை அடி இடைவெளியில், தேர்வு ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி நடந்தார். பெட்ஷீட் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். இரண்டு கெஸ்ட் ஹவுஸ் மூட்டைகள் முதல்நாள்தான் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தன. இந்தத் தூணை எடுத்து நிமிர்த்தி நடு என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. மூட்டை வந்த ஜீப்பிலேயே டவுனுக்குப் போகும்.

அவர் வேலியைச் சுற்றி வந்தார். அளந்தார். வலையை இழுத்துப் பார்த்தார். ஒரு தூணைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. போட்டோ எடுத்தார். எல்லாம் முடிந்து கிளம்பப் போகிறார் என்று நினைத்தபோது, கல்சுவரின் நடுவில் நீட்டிக்கொண்டு, தண்ணீரைத் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்த பைப்புக்கு எதிரே வந்து நின்றார்.

தண்ணீர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா?"

புஷ்பராணி அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்.

"வேலிதான் சார். கொஞ்சம் ஒழுகுது."

ஓவர்சியர் அக்காவைப் பார்த்தார். செயலரைப் பார்த்தார். செயலர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் குல்லாவைக் கழற்றி சரவணன் சார் கையில் கொடுத்தார். இரண்டு கையையும் ஏந்தி, முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டார். மார்ச் மாதத்து மலைத் தண்ணீர். மூச்சு ஒருகணம் நின்று வந்தது அவருக்கு. இன்னொரு கை ஏந்திக் குடித்தார்.

"எல்லாத் தூணையும் பாத்துட்டேன். அளவு சரியா இருக்கு," என்றார். குல்லாவை வாங்கிக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தவர், கேட்டருகே நின்று திரும்பினார். "ஒழுகுறத அடச்சுக் கிடச்சு வச்சிராதீங்கம்மா."

பஞ்சாயத்து வேலை எங்கேயாவது ஒழுகினால் நான் இதே பத்தியில் கிழி கிழி என்று கிழிப்பேன், உங்களுக்குத் தெரியும். இந்த ஒழுகலுக்கு மட்டும் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன்... முன்னால் நிற்பவர் செயலர்.